தர்ஜுக்கியிடம் இல்லாத மைக்ரோமீட்டர்

செருகிய கையோடு புஷ் கழன்று விழுந்தது. பம்புத் தண்டில் மாட்டுகிற பித்தளை வளையம் அல்லவா, சிமெண்டுத் தரையில் ‘டிங்’கென்று ஒரு குதி குதித்து, உருண்டு வாசல்வரை போய், அங்கே நின்றிருந்தவரின் செருப்பில் முட்டி நின்றது.

“தொளதொளன்னு இருக்கே கங்,” என்றார் அவர். மீன்பிடிக் கப்பல் ஒன்றில் தண்ணீர்ப் பம்பு பார்ப்பவர்.

“லேத் புதுசு. கை பழகணும்,” என்றான் வஸ்ரோனி.

“பழகட்டும், பழகட்டும். அதுவரைக்கும் நான் தர்ஜுக்கிகிட்டயே குடுத்துக்கறேன்.”

புஷ் தொளதொளத்ததுகூடப் பரவாயில்லை. அந்தப் பெயரைச் சொல்லியிருக்க வேண்டாம்.

தெகால் துறைமுகத்துக்குப் பின்னால் இருக்கிற சந்தில் வஸ்ரோனியின் வீட்டிலிருந்து நாலு வீடு தள்ளி தர்ஜுக்கியின் கடைசல் பட்டறை. எங்கள் ஊரில் ஆண்களை மரியாதையாகக் ‘கங்’ என்போம், பெண்களை ‘யூ’ என்போம். அண்ணன், அக்கா மாதிரி. வஸ்ரோனி மட்டும் தர்ஜுக்கியை ‘அவன்’ என்பதற்கு மேல் எதுவும் சொன்னதில்லை.

அதற்குக் காரணம் இரண்டு. பன்னிரண்டு வருடத்துக்கு முன் குஸ்ரியாவைப் பெண் கேட்டு வஸ்ரோனியின் அம்மா வாழைப்பழச் சீப்போடு போன அதே வாரத்தில், தர்ஜுக்கியின் அம்மாவும் வாழைப்பழச் சீப்போடு போனாள். குஸ்ரியாவின் அப்பா கடிகாரம் ரிப்பேர் செய்கிறவர். இரண்டு சீப்பையும் வாங்கி வைத்துக்கொண்டு, ஒரு வாரம் யோசித்து, வஸ்ரோனிக்குக் கொடுத்தார். ஜெயித்தவன் வஸ்ரோனிதான். ஆனால் அந்த ஒரு வாரம் எதற்காக யோசித்தார் என்பது இன்றுவரை அவனுக்கு உறுத்தல்.

இரண்டாவது காரணம் ஷாஃப்ட், எஞ்சினில் சுற்றுகிற இரும்புத் தண்டு. வஸ்ரோனி கப்பலில் எஞ்சின் பார்த்தவன். வருடத்துக்கு ஒன்பது மாதம் கடல்தான். கடந்த ஆறு வருடமாக எந்தக் கப்பலில் ஏறினாலும் எஞ்சின் அறையில் ஒரே பேச்சு: “இது தர்ஜுக்கி பட்டறையில கடைஞ்சது. முடியளவு ஆடுதா பாரு!” கீழே குனிந்து பார்ப்பான். ஆடாது. நடுக்கடலில், கிழக்குக் கோடியில், சொந்த ஊரிலிருந்து பத்து நாள் தூரத்தில்கூட தர்ஜுக்கி ஆடாமல் அசையாமல் சுற்றிக்கொண்டிருப்பான்.

“போதும்,” என்று முடிவெடுத்துத்தான் வஸ்ரோனி கடலை விட்டான். சேமிப்பையெல்லாம் போட்டு ஒரு தைவான் லேத்தை வாங்கி முன்னறையில் இறக்கினான். சோபா சமையலறைக்குப் போயிற்று.

குஸ்ரியாவும் தினக்கூலிக்குப் போவதை அன்றே நிறுத்திக்கொண்டாள். புருஷன் கடலில் இருக்கும் மாதங்களில் அவள் கருவாட்டுக் கொட்டகைக்கு வேலைக்குப் போவதாகச் சொல்வாள். கருவாட்டு வாடை கொஞ்சமும் கையில் ஒட்டாத அளவுக்குச் சுத்தக்காரி. வஸ்ரோனிக்கு அதில் தனிப் பெருமை.

பம்புக்காரர் போனதும் வஸ்ரோனி தன் வெர்னியரைக் கையில் எடுத்துப் பார்த்தான். முழங்கை நீளம், திரையில் பச்சை எண்கள் ஓடும் டிஜிட்டல் வெர்னியர். அது காட்டிய அளவை நம்பித்தான் துளை போட்டான். இப்போது தாடை இரண்டையும் மூடினால் பூஜ்யம் காட்ட வேண்டியது, மைனஸ் புள்ளி மூன்று ஏழு காட்டியது. எப்போதோ லேசாகத் திறந்த நிலையில் பூஜ்யப் பொத்தானை அமுக்கியிருக்கிறான்.

‘அவன் எதை வெச்சு அளக்கறான்?’

நெருப்புப் பெட்டி கேட்கிற சாக்கில் தர்ஜுக்கியின் பட்டறை வாசலுக்குப் போனான். பக்கத்துச் சுவரில் ஆணியடித்துத் தொங்கிக்கொண்டிருந்தது கறுத்துப்போன ஒரு பழைய வெர்னியர். அலமாரியில், முடியளவு தடிப்பைக்கூட அளக்கிற, பெயிண்ட் உரிந்த குட்டி மைக்ரோமீட்டர் ஒன்று, உள்ளங்கையில் அடங்குகிற அளவு.

“என்ன கங், வேலையெல்லாம் எப்படிப் போவுது?” என்றான் தர்ஜுக்கி, நெருப்புப் பெட்டியை நீட்டியபடி.

“பிரமாதம்,” என்று சொல்லிவிட்டு வஸ்ரோனி நேராகக் கோ லியாங்கின் கருவிக் கடைக்குப் போனான்.

“மைக்ரோமீட்டர் வேணும்.”

“எந்த அளவுக்கு கங்?”

“அவன்கிட்ட இருக்கறது எந்த அளவு?”

கோ லியாங்குக்கு ‘அவன்’ யாரென்று கேட்க வேண்டியிருக்கவில்லை. “பூஜ்யத்துலேர்ந்து இருபத்தஞ்சு மில்லி.”

“அதைவிடப் பெரிசு குடுங்க.”

“இருபத்தஞ்சு - அம்பது இருக்கு. அம்பது - எழுபத்தஞ்சு இருக்கு…”

“இருக்கறதுலேயே பெரிசு எது?”

“எழுபத்தஞ்சு - நூறு. ஆனா கங், உங்க வேலைக்கு… எதுக்கும் வீட்டுல யூ குஸ்ரியாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு—”

“சாமான் வாங்கறதுக்கெல்லாம் நான் பொண்டாட்டியக் கேக்கற ஆள் இல்ல!”

கோ லியாங் வாயைத் திறந்தார். வியாபாரி என்பது நினைவுக்கு வந்து மூடிக்கொண்டார். மரப்பெட்டியோடு மைக்ரோமீட்டரை எடுத்து வைத்தார். குதிரை லாடத்தைப் போல வளைந்து பளபளத்தது.

வீட்டுக்கு வந்ததும் வஸ்ரோனி அதைச் சாப்பாட்டு மேஜையில் வைத்தான். குஸ்ரியா களிமண் கூஜாவிலிருந்து தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். ஓரக்கண்ணால் பார்த்தாள்.

“இது எழுபத்தஞ்சு மில்லிக்குக் கீழே அளக்காதே கங். நமக்கு வர்ற புஷ் எல்லாம் இருபது, இருபத்திரண்டுதானே?”

“பெரிய பானையில கொஞ்சமா சோறு வடிக்க முடியாதா? பெரிசுக்குள்ள சின்னது அடங்கும்.”

அடங்கத்தான் செய்தது. கோயில் கதவுக்குள் பூனை நுழைகிற மாதிரி அந்த புஷ், மைக்ரோமீட்டரின் இரண்டு முனைகளையும் தொடாமல் இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் வந்தது. திருகைக் கடைசிவரை திருகிப் பார்த்தான். மறுபடியும் வந்தது.

வஸ்ரோனி தேநீரோடு வைத்திருந்த கற்கண்டை வாயில் போட்டுக் கடித்தான். “உனக்கெப்படித் தெரியும்?”

“பெட்டி மேலயே போட்டிருக்கே.”

பெட்டியைப் பார்த்தான். போட்டுத்தான் இருந்தது.

மறுநாள், கோளாறு அளவில் இல்லை, லேத்திலேயே இருக்கலாம் என்று அவனுக்குத் தோன்றியது. கடைக்குப் போய் ஒரு டயல் கேஜும் அதை நிறுத்தி வைக்கக் காந்த ஸ்டாண்டும் வாங்கி வந்தான். கடிகாரம் மாதிரி இருக்கும். ஊசி முனையைச் சுற்றுகிற சாமானில் பட வைத்தால், அது எவ்வளவு கோணலாகச் சுற்றுகிறது என்று முள் காட்டும். வைத்தான். லேத்தை ஓட விட்டான். முள் பேய் பிடித்த மாதிரி ஆடியது.

“ஏமாத்திட்டானுங்க! கோண லேத்தை வித்துட்டானுங்க!”

இரண்டு நாள் உட்கார்ந்து லேத்தின் தலைப்பாகத்தைக் கழற்றினான். துடைத்து, எண்ணெய் போட்டு, மறுபடி மாட்டினான். மாட்டி முடித்தபோது ஒரு வாஷரும் இரண்டு திருகாணியும் மிச்சம் இருந்தன. முள் இப்போது முன்னைவிட உற்சாகமாக ஆடியது.

குஸ்ரியா பொரித்த தோஃபுத் தட்டோடு அந்தப் பக்கம் வந்தாள். நின்றாள். போகலாமா வேண்டாமா என்று ஒரு நொடி யோசித்தவள், தாங்க முடியாமல் சொல்லிவிட்டாள்.

“கங், காந்தத்தை லேத்துக்கு அடியில இருக்கற தகரத் தட்டுல ஒட்டியிருக்கீங்க. ஆடறது தட்டு. லேத்தைத் தாங்கற கனத்த இரும்பு, அந்தப் பெட்டு மேல ஒட்டிப் பாருங்க.”

ஒட்டிப் பார்த்தான். முள் சாதுவாக நின்றது.

நியாயமாக அவன் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் வஸ்ரோனி தோஃபுவை எடுக்கவில்லை.

“உனக்கெப்படித் தெரியும்? இது எந்தப் பெட்டியிலயும் போடலயே.”

குஸ்ரியா தட்டை மாற்றிப் பிடித்தாள். “தர்ஜுக்கி கங் அப்படித்தான் வெப்பாரு.”

“நீ எங்க பார்த்தே?”

“தெருவுல போறப்போ. கதவு திறந்திருந்துச்சு.”

அவள் உள்ளே போய்விட்டாள். வஸ்ரோனி எழுந்து தெருவுக்குப் போனான். தர்ஜுக்கியின் பட்டறைக்கு எதிரே நின்று பார்த்தான். சுவர் மறைத்தது. இடப்பக்கம் போய்ப் பார்த்தான். கம்பிக் கட்டு மறைத்தது. எக்கிப் பார்த்தான், குனிந்து பார்த்தான். தர்ஜுக்கி சாப்பிடப் போயிருந்த நேரமாகப் பார்த்து, அளவு நாடாவைப் பிரித்துக்கொண்டு உள்ளே நுழைந்து அளந்தான். வாசற்படியிலிருந்து ஏழு அடி நாலு அங்குலம் உள்ளே போனால்தான் லேத் பெட்டு கண்ணுக்குத் தெரியும்.

லேத் வாங்கிய நாளிலிருந்து அவன் சரியாக எடுத்த முதல் அளவு அதுதான்.

அன்றிலிருந்து அவனுக்குக் கடைசல் ஓடவில்லை. குஸ்ரியா குழம்புக்கு உப்புப் போட்டாலும் சந்தேகம், போடாவிட்டாலும் சந்தேகம். அந்தச் சமயத்தில்தான் டீக்கடையில் ஒரு செய்தி காதில் விழுந்தது. தர்ஜுக்கியின் கைத்திறன் போய்விட்டதாம். ஒரு மாதமாக அவன் கொடுக்கிற சாமான் எதுவும் சரியாக உட்காரவில்லையாம். மூன்று கப்பல் துறைமுக வாயைத் தாண்டியதும் திரும்பி வந்துவிட்டனவாம்.

வஸ்ரோனி இரண்டு கூஜா தேநீர் வாங்கி எல்லோருக்கும் ஊற்றினான். வீட்டுக்கு நடந்து வரும்போது பாதி வழியில் அந்த மகிழ்ச்சி உறைந்துவிட்டது.

‘ஒரு மாசமா. நான் கடலை விட்டு வந்தும் ஒரு மாசம். நான் வீட்டுல இருக்கேன், அவனுக்குக் கை நடுங்குது. எதுக்கு நடுங்குது?’

அறிவுள்ளவனுக்கு இதற்கு ஒரே ஒரு விடைதான் இருந்தது. தர்ஜுக்கி காதலில் உருகிக்கொண்டிருக்கிறான். அதுவும் நான்கு பெண்களைப் பெற்றவன், தொந்தி லேத்தில் இடிக்கிறவன்!

குஸ்ரியாவைச் சோதித்துவிட முடிவு செய்தான்.

“நாளைக்குக் கடைக்கு வா. லேத்துக்கு வேண்டிய மத்த சாமானெல்லாம் நீயே பார்த்து எடுத்துக் குடு.”

குஸ்ரியாவின் முகம் விளக்குப் போட்ட மாதிரி ஆயிற்று. கல்யாணத்துக்குப் பிறகு அவன் நகைக்கடைக்குக் கூப்பிட்டபோதுகூட இப்படி ஆனதில்லை. வஸ்ரோனி அதையும் மனதில் குறித்துக்கொண்டான்.

கடையில் அவள் செய்ததைப் பார்த்து அவனுக்கு வயிறு எரிந்தது. லேத்தில் சாமானைக் கவ்விப் பிடிக்கிற நாலு தாடை சக் ஒன்றைக் கையில் எடுத்துத் திருகாணிகளை ஒவ்வொன்றாகத் திருகிப் பார்த்தாள். ஒன்று சிக்கியதும் முகத்தைச் சுளித்துத் தள்ளினாள். சாமானின் மறுமுனையைத் தாங்குகிற சுழலும் சென்டரைக் காதருகே வைத்துச் சுற்றிவிட்டு, தேங்காய்க்காரியிடம் தேங்காய் தட்டிப் பார்க்கிறவள் போலக் கண்ணை மூடிக் கேட்டாள். “பேரிங் போச்சு, வேற குடுங்க,” என்றாள். கோ லியாங் மறுபேச்சுப் பேசாமல் வேறு கொடுத்தார்.

“எங்கே கத்துக்கிட்டே இதெல்லாம்?” என்றான் வஸ்ரோனி, பல்லிடுக்கில்.

“எங்கப்பா கடிகாரக்காரர்தானே. சின்ன வயசுலேர்ந்து நுணுக்க சாமான் பார்த்து வளர்ந்தவ நான்.”

அது உண்மைதான். அவன் கொஞ்சம் இளகினான். அப்போது அவள் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு மூலையைக் காட்டினாள்.

“அதை எடுங்க.”

பழைய ஜப்பான் மைக்ரோமீட்டர். பெயிண்ட் உரிந்தது. பூஜ்யத்துலேர்ந்து இருபத்தஞ்சு. அவள் ஒரு காகிதத் துண்டை இரண்டு முனைகளுக்கும் நடுவில் வைத்து மெதுவாக மூடி, உருவி, முனைகளைத் துடைத்தாள். பிறகு விரல் நுனியால் திருகி, கோடு பூஜ்யத்தில் நிற்கிறதா என்று வெளிச்சத்தில் பார்த்தாள்.

“இது போதும் கங். இது ஒண்ணு இருந்தா எல்லா வேலையும் செஞ்சுடலாம்.”

“அப்படியே அவன்கிட்ட இருக்கறது!”

“ஆமா, அதே மாதிரிதான். நல்ல சாமான்.”

“அவன்கிட்ட இருக்கறதுதான் உனக்குப் புடிக்குது, இல்ல?”

கடையில் திடீரென்று எல்லோருக்கும் வேலை வந்துவிட்டது. கோ லியாங் ஆணிகளை எண்ணத் தொடங்கினார்.

“மைக்ரோமீட்டரைச் சொல்றேன் கங்,” என்றாள் குஸ்ரியா.

“நானும் மைக்ரோமீட்டரைத்தான் சொல்றேன்!” என்று கத்திவிட்டு வஸ்ரோனி வெளியே நடந்தான். அன்று எதுவும் வாங்கவில்லை. மோட்டார் சைக்கிளில் வீடு திரும்பினார்கள். பின்னால் உட்கார்ந்திருந்தவளின் கை வழக்கம்போலத் தன் இடுப்பைப் பிடிக்காமல் சீட்டுக் கம்பியைப் பிடித்திருப்பது அவனுக்குத் தெரிந்தது. கோபத்தையும் மீறி அது எங்கோ வலித்தது.

மூன்று நாள் கழித்து, நண்பகல் தொழுகை முடிந்து வஸ்ரோனி வீட்டுக்கு வந்தபோது குஸ்ரியா இல்லை. அடுப்பில் குழம்பு மூடியிருந்தது. செருப்பு இல்லை.

செருப்பு நாலு வீடு தள்ளி இருந்தது. தர்ஜுக்கியின் பட்டறை வாசலில், ஊதா வார் போட்ட செருப்பு, ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு ஒழுங்காக. பட்டறைக் கதவு பாதி சாத்தியிருந்தது. உள்ளே லேத் ஓடும் சத்தம்.

வஸ்ரோனி உதைத்த உதையில் கதவு சுவரில் மோதித் தாழ்ப்பாள் தெறித்தது.

ஏழு அடி நாலு அங்குலத்துக்கும் உள்ளே, லேத்துக்கு முன்னால் இரண்டு பேரும் தோளோடு தோள் உரசக் குனிந்திருந்தார்கள். தர்ஜுக்கியின் நெற்றியில் வியர்வை. குஸ்ரியாவின் முந்தானை இடுப்பில் இழுத்துச் செருகியிருந்தது. அவனைக் கண்டதும் தர்ஜுக்கி ஒரு முழம் துள்ளி விலகினான். தொந்தி பட்டு ஸ்விட்ச் அணைந்தது.

“பன்னெண்டு வருஷம்!” என்று அலறினான் வஸ்ரோனி. “பன்னெண்டு வருஷம் காத்திருந்தியாடா, வாழைப்பழக்காரா!”

“கங், கங்… நீங்க நினைக்கற மாதிரி…”

“நான் கடல்ல கிடந்து உப்புக் காத்தைத் தின்னுக்கிட்டிருந்தேன், நீ இங்க என் வீட்டு…” கத்த வந்தவனுக்குக் கண்ணில் நீர் முட்டியது. அது அவனுக்கே எதிர்பாராதது. “குஸ்ரியா, அந்த ஒரு வாரம் உங்கப்பா யோசிச்சதே சரிதான். இவனையே கட்டியிருக்கலாம்.”

குஸ்ரியா அவனையே பார்த்தாள். லேத்தில் கிடந்த எண்ணெய்த் துணியில் கையைத் துடைத்தாள். பிறகு அலமாரியிலிருந்த குட்டி மைக்ரோமீட்டரை எடுத்து அவன் முன்னால் நீட்டினாள்.

“இதை இரவல் கேட்க வந்தேன்.”

“என்னது?”

“நீங்க வாங்க விடல. உங்ககிட்ட இருக்கறதுல ஒண்ணுமே அளக்க முடியல. நாளைக்கு உங்ககிட்ட புஷ் கேட்டு ஆள் வருவாங்க. அதான் இரவல் கேட்டேன். எப்படி அளக்கறதுன்னு கங் காட்டிக்கிட்டிருந்தாரு.”

“ஆமா ஆமா,” என்றான் தர்ஜுக்கி, தலையைப் பலமாக ஆட்டி. “காட்டிக்கிட்டிருந்தேன். நான்தான் காட்டிக்கிட்டிருந்தேன். எடுத்துட்டுப் போங்க கங். எவ்வளவு நாள் வேணும்னாலும் வெச்சுக்கங்க.”

வஸ்ரோனியின் நெஞ்சிலிருந்து நங்கூரம் தூக்கின மாதிரி இருந்தது. தனக்காக. எல்லாம் தனக்காக. பகைவன் வீட்டு வாசலேறி, வெட்கத்தை விட்டு, புருஷனுக்காக ஒரு மைக்ரோமீட்டர் இரவல் கேட்டிருக்கிறாள் அந்தப் புண்ணியவதி. அவன் மூக்கை உறிஞ்சினான். மைக்ரோமீட்டரை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“கதவு…” என்றான், உடைந்த தாழ்ப்பாளைப் பார்த்து. “நான் சரிபண்ணிக் குடுத்துடறேன்.”

“அதெல்லாம் எதுக்கு கங்.”

“இல்ல, இல்ல. லேத் இருக்கில்ல? புது தாழ்ப்பாள் கடைஞ்சே குடுத்துடறேன்.” பன்னிரண்டு வருடத்தில் முதல் தடவையாக, கொஞ்சம் தடுமாறி, “தர்ஜுக்கி கங்,” என்றும் சேர்த்துக்கொண்டான்.

மூன்று பேரும் சிரித்தார்கள். தர்ஜுக்கியின் சிரிப்பு மட்டும் கொஞ்சம் சீக்கிரமாகவே நின்றது, ஏனென்றால் உதைபட்ட கதவைத் தள்ளிக்கொண்டு ஒருவர் உள்ளே வந்தார்.

பெகலோங்கான் துறைமுகத்துக் கப்பல் ஒன்றின் கேப்டன். வஸ்ரோனி அவரைப் பார்த்ததில்லை. அவரும் அவனைப் பார்த்ததில்லை. கையில் சாக்குத் துணியில் சுற்றிய ஷாஃப்ட் உறை ஒன்று. ஒரு பக்கம் சூடேறி நீலம் பாரித்திருந்தது.

“தர்ஜுக்கி, நேத்து நீ குடுத்தது இது. முனை தாண்டறதுக்குள்ள காய்ஞ்சு புகையுது. சாயங்காலம் தண்ணி ஏறும்போது கப்பல் கிளம்பணும். முப்பது பேர் சோத்தையும் ஐஸையும் ஏத்திக்கிட்டு உக்காந்திருக்காங்க.”

“முடிச்சுடறேன் கேப்டன், முடிச்சுடறேன்…”

“இவர்கிட்ட எதுக்குக் குடுக்கறீங்க?” வஸ்ரோனி முன்னால் வந்தான். மனசு நிறைந்திருந்தவனுக்கு நெஞ்சும் நிமிர்ந்திருந்தது. “என்கிட்ட குடுங்க. புது லேத். டயல் கேஜ் இருக்கு, டிஜிட்டல் வெர்னியர் இருக்கு, நூறு மில்லிவரை அளக்கற மைக்ரோமீட்டர் இருக்கு. இந்த ஊர்ல வேற யார்கிட்டயும் கிடையாது.”

கேப்டன் அவனை ஏற இறங்கப் பார்த்தார். தர்ஜுக்கியையும் பார்த்தார். இருவருக்கும் நடுவில் வழி உண்டாக்கிக்கொண்டு நேராகப் போய், அந்த உறையைக் குஸ்ரியாவின் கையில் வைத்தார்.

“யூ குஸ்ரியா, உங்க வீட்டுக்காரர் கரைக்கு வந்தாருன்னு ஆறு வருஷமா இந்தப் பட்டறையில பிடிச்ச லேத்தை நீங்க விட்டீங்க, அன்னியிலேர்ந்து இந்தத் துறைமுகத்துல ஒரு ஷாஃப்ட்டும் நேராச் சுத்தல, எங்க கப்பல்ல எஞ்சின் பார்க்கற ஆள் இடம் காலியா இருக்கு, அந்த மனுசனை இன்னிக்கே ஏத்தி அனுப்பிடுங்களேன்!”